கீழ் லயத்துக்கு ஓர் அறிவிப்பு

ஜெலாப்பாங், ஈப்போ
நவம்பர் 1

அண்ணிக்கு,

நான் அழைத்தால் நீங்கள் கைப்பேசியை எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். அது உங்கள் விருப்பம். அண்ணன் வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்காக என் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மையத்துக்கு வருவதால், இதை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். பிரித்துப் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் மழை. வடகிழக்குப் பருவமழை இந்த மாதம் தொடங்கிவிடும். வானிலை ஆய்வுத் துறை சொல்வதையெல்லாம் நான் அப்படியே நம்பிவிடுகிறவள் இல்லை. ஆனால் நாலாங்கட்டைத் தோட்டத்துப் பாலம் எவ்வளவு தாழ்வானது என்று சொல்ல எந்தத் துறையும் தேவையில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு வாய்க்கால்களெல்லாம் நேராக ஆற்றில் வந்து விழுகின்றன. பாலம் மூழ்கினால் நீங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குக்கூட வர முடியாது. அண்ணன் ஒரு முறை சுத்திகரிப்பைத் தவறவிட்டால் நுரையீரலில் நீர் சேரும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அடுத்த முறைவரை இதயம் தாங்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர மாட்டார். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் நான். எண்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் வரும். அவருடைய ரத்தப் பரிசோதனை எண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த மாத நடுவிலிருந்து தைப்பூசம்வரை அண்ணனை இங்கே விட்டுவிடுங்கள். கீழ் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். மையத்துக்கு நடந்தே போய்விடலாம்.

பதிலை அவரிடமே கொடுத்தனுப்பலாம்.

தினேஸ்வரி


நாலாங்கட்டைத் தோட்டம், சுங்கை சிப்புட்
நவம்பர் 4

தினேஸ்,

உன் கடிதம் கிடைத்தது. இரவல் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பதுபோல் உன் அண்ணனைக் கேட்டிருக்கிறாய். கீழ் அறையில் அவர் படுத்துக்கொள்வார், சரி. நான் எங்கே இருப்பேன் என்று ஒரு வரி இருக்குமா எனக் கடைசிவரை தேடிப் பார்த்தேன்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் என்னா பார்சலா? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு மேல முத்திரை குத்தி அனுப்புங்கலா" என்றார். போக மாட்டாராம். உன் வீட்டில் கோழி இல்லையாம், ஆள் இல்லையாம், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாதாம்.

போன வருடத்தை நான் மறக்கவில்லை. உன் வீட்டில் தீபாவளி விருந்து. உன்னோடு வேலை செய்கிறவர்கள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அணை உடைந்துவிட்டது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே கிளம்புங்கள் என்று எங்கள் தோட்டத்துக் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. நோயாளியை வீட்டில் வைத்திருக்கிறவள் நான். ஓடிவிட்டுப் பிறகுதான் யோசிப்பேன். போட்ட துணியோடு அவரைத் தர்மாவின் வேனில் ஏற்றிக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றேன். வெயில் கொளுத்தியது. "அந்த ஆத்துல அணையே இல்லையே, அண்ணி. எது ஒடைஞ்சிச்சு?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். அணை இல்லை என்பது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கதை எங்களுக்கு முன்பே தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதிலிருந்து ஆற்றோர வரிசை வீடுகளில், எங்கள் கீழ் லயத்தில், யாரும் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. போன மே மாதம் ஆறு ஏறி இருளாயி அக்காவின் கோழிக்கூண்டு போனது. முந்தின நாளே அவர் தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்திருக்கிறார். "ஏன்க்கா சொல்லல?" என்றேன். "சொன்னா படிச்சவங்க சிரிப்பாங்கலா" என்றார்.

இதை உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எழுதிய பிறகு அப்படித்தான் தெரிகிறது. இருக்கட்டும்.

புனிதா


ஜெலாப்பாங்
நவம்பர் 8

அண்ணிக்கு,

அந்தச் செய்தி பொய் என்று சொன்னதை நான் திரும்பப் பெற முடியாது. அது பொய்தான். ஆனால் இருளாயி அக்கா வாயை மூடிக்கொண்டது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு இரண்டு நாள் வேலையில் கவனம் இல்லை.

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். பாலத்துக்கு மேலே, பழைய ரப்பர்க் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆற்று நீர் அளவுமானி ஒன்று இருக்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத் தளத்தில் அதன் அளவைப் பார்க்கலாம். இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகள். வானிலைத் துறை மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கும். நிறம் வந்தால் வானத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். நிலை வந்தால் ஆற்றைப் பற்றிச் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் கிளம்ப வேண்டும். யார் அனுப்பியது, எந்த ஆறு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இல்லாத செய்தியை மட்டும் ஒதுக்குங்கள். இருளாயி அக்கா பார்த்த தண்ணீரின் நிறத்தை ஒதுக்காதீர்கள். அவருக்கு அந்த மூன்றும் தெரியும்.

தோட்டத்தில் பாதிப் பேரிடம் நல்ல கைப்பேசி இல்லை என்று அண்ணன் சொல்கிறார். கோவிலில் ஒலிபெருக்கி இருக்கிறதே, அது ஆற்றுக்கு அந்தப்பக்கம்வரை கேட்குமே. மழை நன்றாகப் பிடிக்குமுன் ஓர் ஒத்திகை பாருங்கள். கீழ் லயத்து ஆட்கள் எல்லோரும் மேட்டில் உள்ள தமிழ்ப்பள்ளிக்கு ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கீழ் அறை இரண்டு பேருக்குப் போதும். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

தினேஸ்வரி


நாலாங்கட்டைத் தோட்டம்
நவம்பர் 18

தினேஸ்,

உன் ஒத்திகை நடந்தது. நீ வந்து பார்த்திருக்க வேண்டும்.

கோவில் தலைவர் விக்னேஸ்வரன் முதலில் தயங்கினார். மைக்கில் மழையைப் பற்றிப் பேசினால் மாரியம்மாள் கோபித்துக்கொள்வாளோ என்றார். "மழையே அவதானே, அவ சேதியத்தானே சொல்லப் போறோம்" என்று உன் அண்ணன் சமாளித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது.

நீயும் நானும் மறந்துபோன ஒன்று உண்டு. திருவிழா இல்லாத மாதத்தில் எங்கள் கோவில் மைக் எதற்காகத் திறக்கும்? சாவுக்கு மட்டும்தான். பாட்டுப் போடாமல் மைக் கரகரவென்று சத்தம் போட்டாலே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவார்கள். விக்னேஸ்வரன் பழக்க தோஷத்தில் அதே குரலில் "தோட்டத்து மக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று இழுத்தார். அதற்குப் பிறகு ஆறு, வெள்ளம், பள்ளிக்கூடம் என்று என்னவெல்லாமோ சொன்னார். யார் கேட்டது? தோட்டத்தில் அடுத்தது யார் என்று எல்லோரும் மனதில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அவர் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இருளாயி அக்கா மார்பில் அடித்துக்கொண்டே வாசலில் நுழைந்தார். "ஐயோ ராஜு தம்பி, போயிட்டியாப்பா!" இவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் இல்லக்கா. இந்தக் கால் மட்டும் பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வாரேன்" என்றார். அக்கா நகவெட்டியைப் பிடுங்கிவிட்டு அவர் தோளிலேயே இரண்டு குத்துக் குத்தினார். பின்னால் வந்தவர் கையில் சாவு வீட்டுக்குக் கொடுக்க ஒரு சாக்கு அரிசி இருந்தது. திருப்பி எடுத்துப் போக வெட்கப்பட்டு எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். மேட்டுக்கு ஏற வேண்டியவர்கள் அத்தனை பேரும் கீழ் லயத்துக்கு, ஆற்றை நோக்கி, ஓடி வந்திருக்கிறார்கள். நிஜமான வெள்ளமாக இருந்திருந்தால்?

அன்றைக்கே இவர் ஒரு வழி சொன்னார். "நான் செத்துட்டேன்னுதானே ஓடி வாராங்க? நானே மைக்குல பேசுறேன். என் கொரலு கேட்டா சாவு இல்லன்னு தெரிஞ்சிரும்லா, அப்பறம் சொல்றத கேப்பாங்க." செவ்வாய்க்கிழமை காலை பேசிப் பார்த்தார். "நான் ராஜு பேசுறேன். நல்லாத்தான் இருக்கேன். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க" என்றார். ஏறிவிட்டார்கள், தினேஸ். முதலில் இருளாயி அக்கா, கையில் கோழியோடு.

புனிதா


ஜெலாப்பாங்
நவம்பர் 22

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்துப் படித்தேன். சிரித்ததைப் பார்த்து உதவியாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டியவரை எல்லோரும் கிளம்பும்வரை கோவிலில் நிற்க வைத்திருக்கிறீர்கள். கோவில் ஆற்றங்கரையில் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று அண்ணனிடமே சொன்னேன். கையில் ஊசி குத்தி, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசறதுக்கு வேற ஆளே இல்லையாண்ணே?"

"இருக்காங்க. ஆனா அவங்க பேசுனா நான் செத்துட்டேன்னு அர்த்தம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இயந்திரத்தைக் காட்டினார். "லாரி ஓட்டுறத நிப்பாட்டி மூணு வருஷமாச்சு, தங்கச்சி. வந்து படுக்குறேன், போயி படுக்குறேன். இப்பத்தான் ஒரு வேல கெடச்சிருக்கு. அதையும் புடுங்காதலா."

அந்த வேலையை நான் பிடுங்கப் போவதில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் எச்சரிக்கை நிலைக்குக் காத்திருக்கட்டும். அண்ணன் காத்திருக்கக் கூடாது. அளவுமானி விழிப்பு என்று காட்டியதும் அவர் வேனில் ஏற வேண்டும், வெயில் அடித்தாலும் சரி. வந்த பிறகு தண்ணீர் வடிந்துவிட்டால் வீணாக வந்தோமே என்று யாரும் பேச மாட்டார்கள். இந்த வீட்டில் பேச மாட்டார்கள்.

தினேஸ்வரி


நாலாங்கட்டைத் தோட்டம்
நவம்பர் 25

தினேஸ்,

சரி. விழிப்பு என்றால் வேன். தர்மாவிடம் சொல்லிவிட்டேன். மருந்து, மருத்துவ அட்டை, உடுத்த இரண்டு சாரம், அவர் தலையணை எல்லாம் ஒரு பையில் கட்டிக் கதவருகே வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் வரவில்லை. கீழ் அறை போதாது என்பதால் அல்ல. இவர் போன பிறகு மைக்குக்கு ஆள் வேண்டும். என் குரலுக்கு யார் ஏறுவார்கள் என்று தெரியவில்லை. என் குரல் கேட்டால் புருஷன் போய்விட்டான் என்றுதான் நினைப்பார்கள். பார்க்கலாம்.

இரண்டு நாளாக மழை விடவில்லை.

புனிதா


ஜெலாப்பாங்
நவம்பர் 29

அண்ணிக்கு,

பாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டுபோகிறேன் என்று தர்மா சொன்னார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் எல்லோரும் பத்திரம் என்று விக்னேஸ்வரன் வியாழக்கிழமை மாலையே அழைத்துச் சொன்னார். நீங்கள் எப்படி ஏறினீர்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை அண்ணன் வந்து இறங்கியபோது இங்கே தூறல்கூட இல்லை. "பாரு, சும்மா கொண்டாந்துட்டாங்க" என்று இரவெல்லாம் முணுமுணுத்தார். வியாழன் காலையில் பாலம் மூழ்கிவிட்டது என்று கேட்ட பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். மையத்துக்கு நானே அழைத்துப் போனேன். வேலைக்குப் போகவில்லை.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு ஒரே தாவாகத் தாவியது. எச்சரிக்கையைத் தாண்டி அபாயத்துக்குப் பக்கத்தில் நின்றது. மலைப்பக்கத்துக்குச் சிவப்பு கொடுத்திருந்தார்கள். நீங்கள் அவருடைய கைப்பேசிக்கு அழைத்தது அப்போதுதான். நீங்கள் மைக்கில் சொல்லியும் யாரும் ஏறவில்லை, எல்லோரும் உங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று நீங்கள் சொன்னதை நானும் கேட்டேன். "போனை மைக்குல வையி புள்ள" என்றார் அண்ணன்.

அவர் பேசியது உங்களுக்குத் தெரியும். அந்தப்பக்கம் எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. இங்கே பதினைந்து நாற்காலிகளில் நோயாளிகள் படுத்திருந்தார்கள், யாரும் அசையவில்லை. "நான் ராஜு பேசுறேன். ஜெலாப்பாங்குல மெசினுல கெடக்கேன், உசுரோடதான் இருக்கேன். என் வீட்டு வாசல்ல நிக்காதீங்க, அங்க பொணம் இல்ல. இருளாயிக்கா, கோழி தானா பறக்கும், நீ பறக்க மாட்ட, ஏறு." ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் அளவைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்தம் ஏறுகிறது, பேச்சை நிறுத்துங்கள் என்று தாதி கையைப் பிடித்தார். அவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

பிறகு அளவு அபாயம் என்று மாறியது. நீங்கள் இன்னும் கோவிலில் நிற்கிறீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனைப் பிடுங்கிவிட்டேன். நான் சொன்னதைக் கேட்டீர்களா, இல்லை அதற்குள் அறுந்துவிட்டதா?

தினேஸ்வரி


தமிழ்ப்பள்ளி, நாலாங்கட்டைத் தோட்டம்
நவம்பர் 30

தினேஸ்,

என் போன் நனைந்து செத்துவிட்டது. கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு குழந்தை சுண்ணாம்புக் கட்டியைத் தின்றுகொண்டிருக்கிறது.

நான் பேசியபோது நினைத்ததுபோலவே ஆயிற்று. "ஆறு ஏறுது, மேல போங்க" என்று கத்தினேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் கண்ணெதிரே கோவிலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு ஓடினார்கள். வாசலில் ஏற்கெனவே தண்ணீர். அதில் நின்றுகொண்டு ஒப்பாரி வைக்கத் தயாராகிவிட்டார்கள். போனை மைக்கில் வைத்து இவர் குரல் வந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வீடாகக் கிளம்பியது. இருளாயி அக்கா கடைசி. "நீ பறக்க மாட்ட" என்றதும், "இரு, நீ வா, ஒன்ன வச்சிக்கிறேன்" என்று திட்டிக்கொண்டே ஏறினாராம்.

எனக்குக் கோவில் மண்டபத்திலிருந்து யார் ஏறினார்கள், யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதனால் நான் போகவில்லை. தண்ணீர் படியைத் தொட்டது, பிறகு என் கணுக்காலைத் தொட்டது. இவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் குரல் நிற்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு இருந்தது. விட்டால் அவரை விடுவதுபோல் இருந்தது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ கேட்டதற்குப் பதில்: கேட்டேன். நான் மட்டும் இல்லை. மேட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். "அண்ணி, போதும். எல்லாத்தையும் போட்டுட்டு ஏறுங்க. நீங்க ஏறுங்க, அண்ணி." ஒரு வருடத்துக்குப் பிறகு நீ என்னோடு பேசியது தோட்டம் முழுக்க ஒலித்தது. பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது இருளாயி அக்கா என் தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்தப் படிச்சது அழுதுச்சுலா, கேட்டியா?" என்றார். கரகரப்பு அது, மைக் அப்படித்தான் என்றேன்.

வீட்டில் இடுப்பளவு சேறு. உயிர்ச் சேதம் இல்லை. கோழிகள் போயின.

புனிதா


ஜெலாப்பாங்
டிசம்பர் 3

அண்ணிக்கு,

அடுத்த வாரம் மறுபடியும் மழை என்கிறார்கள். ஆரஞ்சு. இந்த முறை தவறாகவும் இருக்கலாம். அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். சாப்பிடுவதில்லை. சேறு அள்ள அவரால் முடியாது என்று சொன்னால் கோபம். அவரை அனுப்புவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அழுதது உண்மை.

தினேஸ்வரி


டிசம்பர் 6

தினேஸ்,

அவரை அனுப்பாதே. தர்மாவின் போனில் நானே பார்த்தேன். ஆறு இன்னும் விழிப்பிலிருந்து இறங்கவில்லை. ஆரஞ்சு தவறாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மைக்கை இனி இருளாயி அக்கா பார்த்துக்கொள்கிறார். நேற்று பேசிப் பார்த்தார். எடுத்த எடுப்பிலேயே விக்னேஸ்வரனைப் பெயர் சொல்லித் திட்டினார். சாவுக்கு யாரும் அப்படி ஆரம்பிக்க மாட்டார்கள் என்பதால் ஒருவரும் தவறாக நினைக்கவில்லை. எல்லோரும் ஏறிவிட்டார்கள், திட்டு வாங்கியவர் உட்பட. உன் அண்ணனுக்கு வேலை போய்விட்டது என்று நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது. அளவைப் பார்த்து அக்காவுக்குச் சொல்லும் வேலை காலியாக இருக்கிறது என்றும் சொல்.

சேற்றை அள்ளிவிட்டோம். சுவர் காய ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்த வீட்டில் இருக்க முடியாது.

இந்தக் கடிதத்தைத் தர்மா உன் கையில் கொடுப்பார். நான் வேனில்தான் உட்கார்ந்திருக்கிறேன், உன் கேட்டுக்கு வெளியே. என்ன சொல்லி உள்ளே வருவது என்று வழி முழுக்க யோசித்தும் ஒன்றும் வரவில்லை, அதனால் மடியில் வைத்து எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் ரோடுதான் காரணம். நிதானமாகப் படி. ஆனால் இங்கே தூற ஆரம்பித்துவிட்டது, தர்மாவின் வேன் ஒழுகும்.

புனிதா